மோட்டாரை ஆன் செய்தது யார்?

இரவு இரண்டரை மணி. மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் டேங்க் நிரம்பி வழிந்து கொண்டிருக்கிறது. கீழே மோட்டார் ஓடுகிறது. வீட்டில் எல்லாரும் நல்ல தூக்கத்தில் இருக்கிறார்கள். ஆன் செய்தது யார்? மொபைல் போனை எடுத்து மோட்டாரை நிறுத்தினேன். போனைத் தலையணை அருகே வைத்துத் தூங்கியதில் விரல் பட்டிருக்கும் என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மீண்டும் அதே கதை. இந்த முறை போன் ஹாலில் சார்ஜில் இருந்தது. அப்போதும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வீணானது கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் மின்சாரமும்தானே என்று இருந்துவிட்டேன்.

மூன்றாவது முறை நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சம்ப் கழுவ ஆள் வந்திருந்தார். போனில் மோட்டார் ஆஃப் என்று காட்டியதைப் பார்த்துவிட்டு, "இறங்குங்கண்ணே, ஆஃப்லதான் இருக்கு" என்று நானே சொன்னேன். அவர் உள்ளே இறங்கி, கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று சுவரைத் தேய்த்துக் கொண்டிருந்தார். திடீரென்று மோட்டார் ஓட ஆரம்பித்தது. "சார், மோட்டார்!" என்று கத்தியபடி அவர் மேலே ஏறி வந்தார். ஓடிப் போய் மெயின் போர்டில் எம்.சி.பி.யைத் தட்டினேன். நல்ல வேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது தண்ணீருக்குள்ளேயே இருக்கும் சப்மெர்சிபிள் மோட்டார். அதன் வயரில் எங்காவது சிறு வெடிப்பு இருந்திருந்தால், அவர் நின்ற தண்ணீரிலேயே கரண்ட் பாய்ந்திருக்கும்.

அன்றுதான் இதை முறையாகத் தேடிக் கண்டுபிடிக்க முடிவு செய்தேன். அந்தத் தேடலில் தெரிந்து கொண்டவற்றை இங்கு பார்க்கலாம். வை-ஃபை ஸ்விட்ச், டைமர், வாட்டர் லெவல் கண்ட்ரோலர், ரிமோட், மொபைல் ஸ்டார்ட்டர் என எதை வைத்து மோட்டாரை இயக்கினாலும் இந்த வழிமுறைகள் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் பாதுகாப்பு

ஆராய்ச்சியைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதிய வைத்துக் கொள்ளுங்கள். போனில் ஆஃப் என்று காட்டுவது வேறு. மோட்டாருக்குக் கரண்ட் இல்லை என்பது வேறு. போனில் தெரிவது ஸ்விட்ச் கடைசியாக அனுப்பிய தகவல் மட்டுமே. அடுத்த நொடியில் அது மாறலாம். அந்தத் தகவலே தவறாகவும் இருக்கலாம்.

மேலும், பெரும்பாலான வை-ஃபை ஸ்விட்சுகள் ஒரே ஒரு வயரைத்தான் துண்டிக்கின்றன. அது பேஸ் வயராக இருக்க வேண்டும். வயரிங் செய்தவர் தவறுதலாக நியூட்ரலை ஸ்விட்ச் வழியாகக் கொண்டு போயிருந்தால், மோட்டார் நின்ற பிறகும் அதன் வயரில் 230 வோல்ட் இருந்து கொண்டே இருக்கும்.

எனவே மோட்டாரையோ சம்பையோ சென்சாரையோ தொடும் முன், பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் ஸ்விட்சை ஆஃப் செய்ய வேண்டும். வேலை முடியும் வரை வேறு யாரும் அதை ஆன் செய்யாதபடி ஒரு சீட்டு எழுதி அதன் மேல் ஒட்டுங்கள். மோட்டார் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், எலக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைப் போடச் சொல்லுங்கள். கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அதுதான். இதில் சொல்லப்படும் வேலைகளில் போன், பேப்பர், பேனாவுடன் முடிபவற்றை நீங்கள் செய்யலாம். போர்டைத் திறந்து பார்க்க வேண்டியவற்றை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

எத்தனை பேர் உத்தரவிடுகிறார்கள்?

மோட்டார் தானாக ஓடுவதில்லை. அதற்கு யாரோ அல்லது ஏதோ ஒன்று உத்தரவு கொடுக்கிறது. பழைய வீடுகளில் உத்தரவு கொடுக்க ஒரே ஒரு ஸ்விட்ச்தான் இருந்தது. இப்போது என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சுவரில் உள்ள ஸ்விட்ச், உங்கள் போன், மனைவியின் போன், மகனின் போன், அப்ளிகேஷனில் அமைத்த டைமர், குரல் கேட்டு இயங்கும் ஸ்பீக்கர், டேங்கில் உள்ள சென்சார், ரிமோட், கரண்ட் வந்ததும் தானாக நடக்கும் செயல்பாடு. நான் எழுதியபோது என் வீட்டில் ஏழு வந்தது.

இந்தப் பட்டியல்தான் உங்கள் சந்தேகப் பட்டியல். இதில் யார் என்று கண்டுபிடிக்க, எதையும் கழற்றும் முன் ஒரு வாரத்திற்குக் குறிப்பு எழுதுங்கள். மோட்டார் தானாக ஓடும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், அதற்குச் சற்று முன் கரண்ட் போய் வந்ததா, டேங்கில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, மழை பெய்ததா, போனில் ஆன் என்று காட்டியதா ஆஃப் என்று காட்டியதா ஆகிய ஆறு விஷயங்களை எழுதினால் போதும்.

குறிப்பு சொல்லும் சேதி

தினமும் ஒரே நேரத்தில் ஓடினால் டைமரைச் சந்தேகிக்கலாம். கரண்ட் வந்தவுடன் ஓடினால் ஸ்விட்சின் பவர் ஆன் செட்டிங். டேங்கில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது மட்டும் ஓடினால் கண்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. தண்ணீர் ஏன் குறைகிறது என்றுதான் பார்க்க வேண்டும். டேங்க் நிறைந்திருக்கும்போதும் ஓடினால் சென்சார் அல்லது அதன் வயர். மழைக்குப் பின் தொல்லை என்றால் ஈரம். போனில் ஆஃப் என்று இருந்தும் ஓடினால் ஸ்விட்சுக்குள் உள்ள ரிலே ஒட்டிக் கொண்டிருக்கலாம். நேரம் காலம் இல்லாமல் ஓடினால் வேறொருவரின் போன், ரிமோட் அல்லது தவறான அழைப்பு. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கரண்ட் வந்ததும் ஓடுகிறதா?

என் வீட்டுக் குற்றவாளி இதுதான். வை-ஃபை ஸ்விட்ச் என்பது உண்மையில் ஒரு சிறிய கம்ப்யூட்டர். கரண்ட் போனால் அணைந்துவிடும். வந்தால் மீண்டும் பூட் ஆகும். அப்போது தன்னுடன் இணைந்த சாதனத்தை ஆன் செய்வதா, ஆஃப் செய்வதா என்று அது முடிவு செய்ய வேண்டும். இந்த முடிவு ஒரு செட்டிங்கில் இருக்கிறது. அப்ளிகேஷனில் ஸ்விட்சின் செட்டிங்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். பவர் ஆன் ஸ்டேட், ரிலே ஸ்டேட்டஸ் என்பது போன்ற ஒரு பெயரில் இது இருக்கும். பொதுவாக ஆன், ஆஃப், கடைசி நிலை என மூன்று வாய்ப்புகள் தரப்படும்.

விளக்கு என்றால் கடைசி நிலை நல்ல தேர்வு. மோட்டாருக்கு அது ஆகாது. டேங்க் பாதி நிரம்பும்போது கரண்ட் போய், எல்லாரும் தூங்கிய பிறகு வந்தால், விட்ட இடத்திலிருந்து மோட்டார் ஓடத் தொடங்கும். நிறுத்த ஆள் இருக்காது. எனவே மோட்டாருக்கு எப்போதும் ஆஃப் என்பதையே தேர்ந்தெடுங்கள். என் ஸ்விட்சில் ஆன் என்று இருந்தது.

இது ஏன் எனக்கு முதலிலேயே தெரியவில்லை? காரணம் இன்வெர்ட்டர். கரண்ட் போனாலும் எங்கள் வீட்டில் ஃபேன் சுற்றும், இண்டர்நெட் ரௌட்டர் ஓடும், விளக்கு எரியும். கரண்ட் போய் வந்ததே தெரியாது. ஆனால் மோட்டார் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. மின்வாரிய லைனில் நேராக இருக்கிறது. அதனுடன் வை-ஃபை ஸ்விட்சும் அதே லைனில் இருக்கிறது. எனவே நாங்கள் அறியாமலேயே அது அணைந்து, பூட் ஆகி, மோட்டாரையும் ஆன் செய்து கொண்டிருந்தது.

அப்ளிகேஷனில் லாக் அல்லது ஹிஸ்டரி என்ற பகுதியைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஞாயிறு காலை 9.12க்கு ஸ்விட்ச் ஆஃப்லைன். 9.31க்கு ஆன்லைன். அதே 9.31க்கு ஆன். யாரும் உத்தரவு கொடுத்ததாகப் பதிவே இல்லை. முந்தைய இரண்டு இரவுகளிலும் இதே வரிசை.

உங்கள் அப்ளிகேஷனில் லாக் இல்லையா? ஒரு எளிய தந்திரம் இருக்கிறது. பேட்டரி இல்லாத பழைய டிஜிட்டல் கடிகாரம் ஒன்றை இன்வெர்ட்டர் இல்லாத பிளக்கில் மாட்டி வையுங்கள். கரண்ட் போய் வந்தால் இத்தகைய கடிகாரங்கள் 12.00 என்பதிலிருந்து மீண்டும் ஓடத் தொடங்கும். காலை 6 மணிக்கு அது 3.20 என்று காட்டினால், கரண்ட் வந்து 3 மணி 20 நிமிடம் ஆகிறது, அதாவது 2.40க்கு வந்திருக்கிறது என்று பொருள். உங்கள் குறிப்புடன் ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

ரௌட்டர் இன்வெர்ட்டரில் இல்லையென்றால், அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் அப்டைம் என்ற இடத்தைப் பாருங்கள். அது எத்தனை மணி நேரமாக ஓடிக் கொண்டிருக்கிறது என்பதிலிருந்தும் இதே கணக்கைப் போடலாம்.

டைமரில் குழப்பமா?

தினமும் ஒரே நேரத்தில், ஆனால் நீங்கள் அமைக்காத நேரத்தில் மோட்டார் ஓடுகிறது என்றால், எத்தனை மணி நேரம் தள்ளி ஓடுகிறது என்று கணக்கிடுங்கள். காலை 6 மணிக்கு அமைத்தது 11.30க்கு ஓடினால் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். நம் இந்திய நேரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே ஸ்விட்ச் யு.டி.சி. நேரத்தில் இயங்குகிறது என்று அறியலாம். அதுவே அதிகாலை 3.30க்கு ஓடினால், வித்தியாசம் இரண்டரை மணி நேரம். ஸ்விட்சில் டைம் ஸோன் சீன நேரமாக அமைந்திருந்தால் இப்படி நடக்கும். செட்டிங்ஸில் டைம் ஸோன் என்ற இடத்தில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் பிரச்னை தீர்ந்தது.

சரியாக 12 மணி நேரம் தள்ளி ஓடினால், காலை, மாலை என்பதை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். இண்டர்நெட் தேவைப்படாத டிஜிட்டல் டைமர்களில் இது அடிக்கடி நடக்கும். அந்த வகை டைமர்களில் உள்ளே ஒரு சிறிய பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் தவறிவிடும். பின் ஓடும் நேரம் நாளுக்கு நாள் மாறும்.

ஒரு டைமரை நீக்கிய பிறகும் மோட்டார் அதே நேரத்தில் ஓடுகிறதா? அப்படியானால் அந்த உத்தரவு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஸ்விட்சின் அப்ளிகேஷனில் அமைத்த டைமர் தனி. அலெக்ஸா, கூகுள் ஹோம் போன்றவற்றில் ரொட்டீன் என்ற பெயரில் அமைத்தது தனி. ஒன்றில் நீக்கினால் மற்றதில் நீங்காது. இரண்டையும் திறந்து பாருங்கள். சில ஸ்விட்சுகளில் டைமர் ஸ்விட்சுக்குள்ளேயே பதிவாகிறது. வேறு சிலவற்றில் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. ரௌட்டரை ஒரு நாள் அணைத்து வைத்துப் பாருங்கள். அப்போதும் அதே நேரத்தில் ஓடினால் உத்தரவு ஸ்விட்சுக்குள் இருக்கிறது. ஓடவில்லை என்றால் வெளியிலிருந்து வருகிறது.

வேறு யாருடைய போன்?

வீட்டில் ஒருவர் அமைத்த ஸ்விட்சைப் பலருடன் பகிர்ந்து கொள்ளும் வசதி இருக்கிறது. எப்போதோ பகிர்ந்ததை மறந்திருப்போம். அப்ளிகேஷனில் ஷேர் அல்லது ஹோம் மெம்பர்ஸ் பகுதியில் யார் யார் பெயர் உள்ளது என்று பாருங்கள். போனின் முகப்பில் மோட்டாருக்கு ஒரு குறுக்குவழி பட்டன் வைத்திருந்தால், போனில் விளையாடும் குழந்தை அதைத் தொடுவது சாதாரணமாக நடக்கும். அதை நீக்கிவிடுங்கள்.

பழைய போனை விற்றபோது அதில் இந்த அப்ளிகேஷனிலிருந்து வெளியேறினீர்களா? இல்லையென்றால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஸ்விட்சை நிறுவிய எலக்ட்ரீஷியனின் கணக்கில் அது இருந்தால், அவரிடம் சொல்லி நீக்கி, உங்கள் கணக்கில் புதிதாகச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

ரிமோட், மிஸ்டு கால்

கையடக்க ரிமோட்டுடன் வரும் பல ஸ்விட்சுகள் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் இயங்குகின்றன. சுவரைத் தாண்டியும் இந்த அலை செல்லும். பழைய, மலிவான வகைகளில் சங்கேத எண்ணை நாமே சிறிய இணைப்புகளால் அமைக்க வேண்டும். வாங்கிய நிலையிலேயே பயன்படுத்தினால், அதே வகையை வாங்கிய பக்கத்து வீட்டாரின் ரிமோட் உங்கள் மோட்டாரையும் இயக்கலாம். சங்கேத எண்ணை மாற்றுங்கள். கற்றுக் கொள்ளும் வகை ஸ்விட்ச் என்றால், பதிவான ரிமோட்டுகளை எல்லாம் அழித்துவிட்டு உங்களுடையதை மட்டும் மீண்டும் பதியுங்கள். ரிமோட்டின் பட்டன் உள்ளே அழுந்தியே இருக்கிறதா என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

தோட்டத்துக் கிணறுகளில் சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர்கள் இருக்கின்றன. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் ஏற்கும்படி அது அமைந்திருந்தால், தவறிய அழைப்பு, விளம்பர அழைப்பு எல்லாமே உத்தரவாகிவிடும். அந்த சிம் எண் முன்பு வேறொருவரிடம் இருந்திருந்தால், அவரைத் தேடுபவர்கள் உங்கள் மோட்டாரை ஓட விடுவார்கள். அனுமதிக்கப்பட்ட எண்கள் என்ற வசதியை இயக்கி, உங்கள் வீட்டு எண்களை மட்டும் அதில் சேருங்கள்.

டேங்கில் உள்ள சென்சார்

வாட்டர் லெவல் கண்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. கம்பி வகை சென்சாரில் டேங்குக்குள் சில ஸ்டீல் கம்பிகள் தொங்கும். தண்ணீர் கம்பிகளை இணைக்கும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். பாய்ந்தால் தண்ணீர் இருக்கிறது என்றும், பாயாவிட்டால் தண்ணீர் இல்லை என்றும் கண்ட்ரோலர் முடிவு செய்கிறது.

சிக்கல் இங்குதான். வயர் அறுந்தாலும் மின்னோட்டம் பாயாது. அணில் கடித்தாலும், வெயிலில் காய்ந்து உடைந்தாலும், இணைப்பில் துரு ஏறினாலும் அதே நிலைதான். கண்ட்ரோலருக்கு வித்தியாசம் தெரியாது. டேங்க் காலி என்று நினைத்து மோட்டாரை ஆன் செய்யும். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் கம்பியின் மேல் வெள்ளையாகப் படியும் உப்பும் இதையே செய்யும். டேங்க் நிறைந்து வழிந்தாலும் கண்ட்ரோலருக்குத் தண்ணீர் தெரியாது.

சோதிப்பது எளிது. மோட்டார் செல்லும் லைனை மட்டும் துண்டித்துவிட்டு, கண்ட்ரோலர் மட்டும் இயங்கும்படி எலக்ட்ரீஷியனை அமைக்கச் சொல்லுங்கள். டேங்கிலிருந்து வரும் வயர்களைக் கண்ட்ரோலரில் கழற்றிவிட்டு, அந்த முனைகளை ஒரு சிறு வயரால் இணைக்கச் சொல்லுங்கள். கண்ட்ரோலரில் தண்ணீர் இருப்பதாக விளக்கு எரிந்தால் கண்ட்ரோலர் நன்றாக இருக்கிறது; பழுது வயரில் அல்லது கம்பியில். எரியாவிட்டால் கண்ட்ரோலரில்தான் பழுது. கம்பிகளை ஆறு மாதத்திற்கு ஒரு முறை தேய்த்துச் சுத்தம் செய்வது நல்லது.

மிதக்கும் ஃப்ளோட் ஸ்விட்ச் என்றால், அதன் கேபிள் டேங்கில் உள்ள பைப்பில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மிதவைக்கும் எடைக்கும் இடையே உள்ள கேபிளின் நீளம்தான், எந்த மட்டத்தில் ஆன் ஆகி எந்த மட்டத்தில் ஆஃப் ஆக வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. அது மிகக் குறைவாக இருந்தால், தண்ணீரின் அலைக்கே மோட்டார் அடிக்கடி ஓடி நிற்கும். ஒரு எச்சரிக்கை: கம்பி சென்சாரின் வயரில் குறைந்த வோல்டேஜ்தான் இருக்கும். ஆனால் ஃப்ளோட் ஸ்விட்சின் கேபிளில் பல வீடுகளில் 230 வோல்ட் நேராகச் செல்கிறது. மெயினை அணைக்காமல் டேங்கில் கை விடாதீர்கள்.

சென்சார் வயரை மோட்டாரின் வயருடன் ஒரே பைப்பில் நீண்ட தூரம் கொண்டு செல்வதும் தவறு. மோட்டார் வயரிலிருந்து தூண்டப்படும் வோல்டேஜ் சென்சார் வயரில் கலந்து, கண்ட்ரோலரை ஏமாற்றும். தனிப் பைப்பில் கொண்டு செல்லுங்கள். சம்பில் உள்ள கம்பிகளின் இணைப்பில் மழை ஈரம் இறங்கினால், சம்ப் காலியாக இருந்தாலும் தண்ணீர் இருப்பதாகத் தோன்றும். மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடிச் சூடாகிவிடும்.

பழுது அல்ல, வசதி

சில நேரங்களில் மோட்டார் தானாக ஓடுவது பழுதே அல்ல. சம்பில் தண்ணீர் தீர்ந்தால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு பல கண்ட்ரோலர்களில் உள்ளது. அவற்றில் சில, குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க மோட்டாரை மீண்டும் ஓட விடும். தண்ணீர் இல்லையென்றால் சில நொடிகளில் நிறுத்திவிடும். உங்கள் மோட்டார் ஒரே இடைவெளியில் கொஞ்ச நேரம் ஓடி நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம். கண்ட்ரோலருடன் வந்த கையேட்டில் ஆட்டோ ரீஸ்டார்ட் என்ற தலைப்பைத் தேடுங்கள். தேவையில்லை என்றால் அணைத்துவிடலாம்.

டேங்கில் தண்ணீர் குறைந்ததால் இரவில் ஓடுகிறது என்றால், தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். இரவு 10 மணிக்கு டேங்கின் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலை 5 மணிக்கு, யாரும் குழாயைத் திறக்கும் முன் மீண்டும் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் டாய்லெட் ஃப்ளஷ் டேங்கின் ரப்பர் வாஷர்தான் காரணமாக இருக்கும்.

இது மின் கட்டணத்தையும் பாதிக்கும். 1 ஹெச்.பி. என்பது 746 வாட். மோட்டாரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் அது இழுப்பது சுமார் 1.1 கிலோவாட். தினமும் அரை மணி நேரம் வீணாக ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் 33 யூனிட் கூடிவிடும்.

ஒட்டிக் கொள்ளும் ரிலே

பவர் ஆன் செட்டிங்கை ஆஃப் என்று மாற்றியதும் என் பிரச்னை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது. ஒரு நாள் காலை டேங்க் நிரம்பியதும் போனில் ஆஃப் செய்தேன். போனில் ஆஃப் என்று வந்தது. மோட்டார் நிற்கவில்லை.

வை-ஃபை ஸ்விட்சுக்குள் ரிலே என்ற சிறிய பாகம் இருக்கிறது. அதில் இரண்டு உலோகப் புள்ளிகள் தொட்டும் விலகியும் கரண்டை விடுகின்றன, நிறுத்துகின்றன. 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 6 அல்லது 7 ஆம்பியர் எடுக்கும். ஆனால் ஓடத் தொடங்கும் அந்த நொடியில் ஐந்து, ஆறு மடங்கு எடுக்கும். அப்போது எழும் தீப்பொறியில் அந்தப் புள்ளிகள் சிறிது சிறிதாக உருகி, ஒரு நாள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். அதன் பின் ஸ்விட்ச் ஆஃப் என்று சொன்னாலும் கரண்ட் போய்க் கொண்டே இருக்கும். ஸ்விட்சின் மேல் 10 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது பொதுவாக ஹீட்டர் போன்ற சாதனங்களுக்கான கணக்கு. மோட்டாருக்கு அதை நம்பக் கூடாது.

இதற்குத் தீர்வு காண்டாக்டர். மோட்டாரின் கரண்டைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட பெரிய ரிலே அது. வை-ஃபை ஸ்விட்ச் காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கும். மோட்டாரின் கரண்ட் காண்டாக்டர் வழியாகப் போகும். வாங்கும்போது ஏசி-3 என்ற மோட்டார் பிரிவில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வீட்டு 1 ஹெச்.பி. மோட்டாருக்குப் பொதுவாக 9 அல்லது 12 ஆம்பியர் போதும். உங்கள் மோட்டாரின் தகட்டில் உள்ள ஆம்பியரை எலக்ட்ரீஷியனிடம் காட்டி உறுதி செய்து கொள்ளுங்கள். ஓவர்லோடு ரிலேயும் சேர்த்துப் போட்டால் மோட்டார் காயில் எரிவதும் தடுக்கப்படும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

குறிப்பு எழுதியும் யாரென்று தெரியவில்லையா? கம்ப்யூட்டரில் பிரச்னை வந்தால் ஒவ்வொரு புரோகிராமாக நிறுத்திப் பார்ப்போம் அல்லவா? அதே முறைதான். முதலில் ரிமோட்டை நீக்குங்கள். இரண்டு மூன்று நாள் பாருங்கள். பிறகு ரொட்டீன்களை அணையுங்கள். பிறகு பகிர்வுகளை நீக்குங்கள். பிறகு சென்சார். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால், மோட்டார் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. பிரச்னை மீண்டும் வரும்போது முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

காரணம் தெரிந்த பிறகும் ஒரு கூடுதல் பாதுகாப்பைச் செய்து கொள்ளுங்கள். பல ஸ்விட்சுகளில் குறிப்பிட்ட நேரம் ஓடியதும் தானாக ஆஃப் ஆகும் வசதி உள்ளது. இன்ச்சிங், ஆட்டோ ஆஃப் என்ற பெயர்களில் இருக்கும். உங்கள் டேங்க் நிரம்ப 25 நிமிடம் ஆகிறது என்றால் 30 நிமிடம் என்று அமையுங்கள். அமைத்த பின் ரௌட்டரை அணைத்துவிட்டு, சுவர் பட்டனால் மோட்டாரை ஓட விட்டு, 30 நிமிடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இண்டர்நெட் இல்லாதபோதும் நின்றால்தான் அது உண்மையான பாதுகாப்பு.

இப்போது எங்கள் வீட்டில் காண்டாக்டர் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. இருக்கிறது. பவர் ஆன் செட்டிங் ஆஃப் என்று இருக்கிறது. சம்ப் பக்கத்தில் டபுள் போல் ஸ்விட்ச் ஒன்று புதிதாக இருக்கிறது. சம்ப் கழுவ அதே அண்ணன்தான் வருகிறார். வந்ததும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நேராகப் போய் அந்த ஸ்விட்சைத் தன் கையாலேயே ஆஃப் செய்கிறார். பிறகு என் போனில் மோட்டாரை ஆன் செய்யச் சொல்கிறார். ஓடவில்லை என்று காதால் கேட்ட பிறகே இறங்குகிறார். நீங்களும் உங்கள் வீட்டில் இந்தப் பழக்கத்தைக் கொண்டு வாருங்கள்.